வலது பக்கத்து ஸ்பிரிங்

என் வீட்டுக்காரர் பிச்சைமணிக்குப் போடியில் பைக் பட்டறை. ஏலக்காய் மூட்டையோடு மலையிறங்கும் வண்டிகளுக்குப் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றி இறுக்கிக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். நான் சொல்லப்போவது வேறு.

மூட்டை ஏற்றினால் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, வளைவில் வண்டி சொன்னபடி கேட்காது. அதே வண்டியில் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போனால் அந்த இறுக்கம் ஆகாது, சக்கரம் குதிக்கும். அதனால் மூட்டைக்கு இறுக்குவதும் ஆளுக்குத் தளர்த்துவதும் இங்கே வழக்கம். எப்படிச் செய்தாலும் சக்கரத்தின் இரண்டு பக்கத்து ஸ்பிரிங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பட்டறை வாசலில் வெங்காயம் உரிக்கிற எனக்கே இது தெரியும்.

போன ஏலக்காய்ப் பறிப்புச் சமயத்தில் ஒருநாள் பாண்டித்துரை பெண்டாட்டி ரோஜாவோடு வந்து நின்றான். "அண்ணே, இன்னைக்கு லோடு இல்ல. இவளக் கூட்டிக்கிட்டுப் போடிமெட்டுக்குப் போறேன். வெரசா தளத்தி விடுங்க." இவர் இடது பக்கத்தைத் தளர்த்தினார். அதற்குள் ஜீப்காரர் ஒருத்தர் கூப்பிட, எழுந்து போய்விட்டார். திரும்பி வந்தவர், "சோலி முடிஞ்சுச்சு, போயிட்டு வா அப்பு" என்று அனுப்பிவைத்தார்.

மழை பெய்த வளைவில் வண்டி இழுத்துப் போட்டது. ரோஜாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. தினமும் போய்வருகிற பாதையில் விழுந்தான் என்றால் குடித்துத்தான் இருப்பான் என்று அவளுடைய அண்ணன்மார் முடிவு கட்டினார்கள். இனி குடிக்க மாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் அவன். சத்தியத்தை மீறியவனோடு வாழமாட்டேன் என்று ரோஜா ராசிங்காபுரத்துக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடிபட்ட வண்டி எங்கள் பட்டறைக்குத்தான் வந்தது. அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. "என்னய்யா, பேயறஞ்ச மாதிரி இருக்க?" என்று பிடித்து உலுக்கிய பிறகுதான் எல்லாவற்றையும் கக்கினார். வண்டி வந்து நின்றதுமே பார்த்தாராம், வலது பக்கம் இறுக்கினபடியே இருந்ததாம். பாண்டித்துரை அந்தப் பக்கம் போனதும், யாருக்கும் தெரியாமல் அதையும் தளர்த்தி வைத்துவிட்டாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி மனுசா! ஒரு குடும்பத்தப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கியே!"

"வெளிய தெரிஞ்சா எவன் நம்மகிட்ட வண்டி விடுவான், கற்பகம்?"

"விடாட்டிப் போறான். சட்டையப் போடு."

பாண்டித்துரையையும் கூட்டிக்கொண்டு ராசிங்காபுரம் போனோம். மாவுக்கட்டுப் போட்ட கையோடு ரோஜா வாசலில் நின்றாள். இவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ஆத்தா, அவன் குடிக்கல. தப்பு என்னோடது. ஒரு பக்கந்தான் தளத்துனேன், மறுபக்கம் மறந்துட்டேன்" என்றார்.

ரோஜா இவரைத் திட்டவே இல்லை. புருஷன் பக்கம் திரும்பி அழுதாள். "குடிக்கலன்னு என்கிட்ட நீ அடிச்சுச் சொல்லிருக்கலாம்ல?"

"ஆஸ்பத்திரியில உன் கால்மாட்டுல உக்காந்து அதத்தான சொன்னேன், நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. பெறகு வண்டியக் கொண்டாந்து விட்டப்ப அண்ணேகிட்டயும் சொன்னேன். நீங்களாவது நம்புங்கண்ணேன்னு கையப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்." பாண்டித்துரை இவரைப் பார்த்தான். "அப்ப ஒண்ணுமே பேசலயேண்ணே நீங்க."

அதை இவர் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.