கேட்டுக்கு அந்தப் பக்கம்

குமுதா மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறாள். எண்ணெய் ஆலை வாசலில் வரிசை நகரக் காத்திருக்கும் நேரத்தில்தான் அவளுக்கு வசனம் வரும். உடனே கைப்பேசியில் பேசிப் பதிந்துகொள்வாள். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் அவள் நாடகம்தான். எல்லாமே நல்ல ஊர்களின் கதை. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும், ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கும், யாரும் யார் முன்னாலும் கைகட்டி நிற்க மாட்டார்கள். சனங்கள் ஆசையாகக் கைதட்டுவார்கள். மறுநாள் காலை வாளியோடு தண்ணீர் லோரிக்குக் காத்து நிற்பார்கள்.

அது அவளை உறுத்தியது. போன வருஷம் கதையைத் திருப்பிப் போட்டாள். ஐம்பது வருஷத்துக்குப் பிந்திய ஊர். வழியெங்கும் கேட். இயந்திரத்துக்கு முகம் தெரிந்தால்தான் திறக்கும். அதே மண்ணில் பிறந்தவர்களின் முகத்தை மட்டும் யாரும் அதில் ஏற்றவில்லை. பொங்கல் பானையோடு கோயிலுக்கு வரும் ஒருத்தியை அது தடுக்கிறது. அவள் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போகிறாள். அந்தப் பெண்ணாக நடித்தவள் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி.

திரை விழுந்தபோது ஒரு கைதட்டல்கூட இல்லை. கோயில் தலைவர் சிவானந்தம் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா சனங்கள இப்படியா அழ வைப்பே?"

"அழட்டும்ணே. இப்படி ஆயிடக் கூடாதுன்னு ஒருத்தராச்சும் நெனைப்பாங்கல்ல?"

"அடுத்த வருஷம் பாட்டுக் கச்சேரி வெச்சுக்கறேன், போ."

குமுதாவுக்குக் கோபம் வந்தது. எழுதியது தப்பென்று மட்டும் தோன்றவே இல்லை.

சில மாதத்தில் தோட்டத்தின் ஒரு பகுதி புது வீடுகள் கட்டும் வீடமைப்புக்குப் போனது. கோயிலுக்குப் போகும் செம்மண் சாலையில் தடுப்புக்கட்டை வைத்துக் காவலாளியையும் நிறுத்தினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை பூத்தட்டோடு போன புஷ்பவள்ளியை மறித்து, பதிவு இல்லாதவர்கள் போக முடியாது என்று மலாயில் சொன்னான் அவன். அவளும் பேசாமல் திரும்பி நடந்தாள். கொஞ்ச தூரத்தில் அவளுக்குப் பிடிபட்டது. மேடையில் தான் நடந்த அதே நடை! அங்கேயே நின்று குமுதாவுக்குப் போன் அடித்தாள்.

"அக்கா, ஒங்க நாடகம் இங்க நெசமா நடக்குதுக்கா. நான் திரும்பிப் போவவா?"

"போவாதலா! அங்கயே நில்லு. வந்துட்டேன்."

குமுதா குலையோடு வந்து லோரியை ஓரங்கட்டினாள். சேதி பரவி, மதியத்துக்குள் பாதித் தோட்டம் கூடிவிட்டது. சிவானந்தமும் வந்தார். வீடமைப்பு மேனேஜர் தமிழர்தான்.

"சாமான் திருடு போவுதும்மா. அதுக்குத்தான் கட்டை" என்றார்.

"அப்ப ஒங்க வீட்டு வாசல்ல போடுங்க சார். இது சாமி கும்பிடப் போற வழி. எவன்கிட்டயும் பேரு குடுத்துட்டுப் போவ மாட்டோம்" என்றாள் குமுதா.

மேலிடத்தைக் கேட்கிறேன் என்று அவர் நழுவினார். சனங்கள் தினமும் காலையில் கட்டை முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். மறுவாரம் மாவட்ட அதிகாரி வந்து, பொதுச் சாலையை மறிக்க யார் அனுமதி தந்தது என்று கேட்டார். கட்டையைப் பிடுங்கி வீடமைப்பு வாசலில் நட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பந்து விளையாடும் திடல் மட்டும் வீடமைப்பு வேலிக்குள் போனது போனதுதான். அதை மீட்க முடியவில்லை.

பாட்டுக் கச்சேரிப் பேச்சை சிவானந்தம் அப்புறம் எடுக்கவில்லை. இந்த வருஷம் குமுதா மறுபடி நல்ல ஊரைத்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் முதல் காட்சியிலேயே சாக்கடையை யார் அள்ளுவது என்று ஊரே அடித்துக்கொள்கிறது.

"நல்ல ஊர்ல சண்டை வருமாக்கா?" என்று ஒத்திகையில் புஷ்பவள்ளி கேட்டாள்.

"வரும்லா. வாய விட்டுக் கேக்குற ஊர்ல சண்டை வராம இருக்குமா?"

சண்டையைத் தொடங்குகிற ஆள் வேஷம் சிவானந்தத்துக்கு. தன் வசனம் குறைவாக இருக்கிறது என்று அவர் தினமும் சண்டை பிடிக்கிறார்.