அண்ணன் கொடுத்த பந்து

"வயித்துக்காம்மா?" என்று கேட்டுக்கொண்டே விளக்கெண்ணெய் டின்னைத் திறந்தார் கள்ளக்குறிச்சிக் கடைக்காரர். வாசனை மூக்கில் ஏறியதும் எங்கள் பழைய வீட்டு வாசல் கண்முன் வந்துவிட்டது.

கல்லூரி அணியில் ஆடிய அண்ணன் அங்கே உட்கார்ந்துதான் தோல் பந்துக்கு எண்ணெய் தேய்ப்பான். அந்த வருடம் முழுக்க அவன் பந்தைக் கொண்டுபோய்க் கொடுப்பான், அதே அணியில் இருந்த காலனி ஏழுமலை கோல் அடிப்பான். வேறு ஆட்டம் அவர்களுக்குத் தெரியாது.

நடுவில் எங்கள் சாதிக்காரர்களின் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டார்கள். எங்கள் தெருவுக்கும் காலனிக்கும் பேச்சு அறுந்தது.

கடைசி மேட்சில் தெருக்காரர்கள் கோட்டோரம் நின்று, "அவங்கிட்ட குடுக்காதடா, நீயே அடி!" என்று கத்தினார்கள். அண்ணனுக்கு எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். அடித்துவிடுவான் என்றுதான் நானும் நினைத்தேன். அவனோ ஏழுமலை ஓடிவரும்வரை காத்திருந்து பந்தைத் தள்ளிவிட்டான். கோல் விழுந்தது. எங்கள் தெருவில் ஒருவரும் கைதட்டவில்லை. நான் தட்டினேன்.

வீட்டில் அப்பா பாய்ந்தார். "தெருவே கத்திச்சே, காதுல வுழுலியாடா?"

"வுழுந்திச்சி. அதனாலதான் குடுத்தேன்" என்று அண்ணன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தான்.

கடைக்காரர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"இல்லீங்க, பந்துக்கு. எங்க அண்ணனோடது. இப்ப எம் பொண்ணு ஆடுறா."