முகம் பார்க்காத குட்டி

எங்கள் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் நாய் வளர்ப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. தேயிலைக்குள்ளிருந்து சிறுத்தை இறங்கினால் அது முதலில் தேடுவது நாயைத்தான். ஆடு, கன்று எல்லாம் அதற்குப் பிறகு. பட்டிக்குக் காவலாக நாய் வைப்பது என்றால், ஆட்டுக்கு முன்னால் போவதற்கு ஒன்றை வைப்பது என்று அர்த்தம். இது எல்லோருக்கும் தெரியும். குட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது யாரும் அதைப் பேச மாட்டார்கள், அவ்வளவுதான்.

எங்களிடம் முன்பு ஒரு செவலை நாய் இருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பிள்ளை மாதிரி ஊட்டி வளர்த்தார். அவர் மலைக்கு வேலைக்குப் போனால் கூடவே போகும். பீலித் தண்ணீரில் குளித்தால் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கும். ஒரு மார்கழி விடியலில், கதவுக்கு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் படுத்திருந்ததைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போய்விட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் படுத்திருந்தோம். அதன்பிறகு மனிதர் சோற்றைப் பிசைவார், அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அந்த மாதமே நெஞ்சுவலி வந்து கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாயால் வந்த வலியா என்று டாக்டரிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. மனதுக்கு அதிர்ச்சி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இந்த மலையில் இருந்துகொண்டு அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பாரம் தூக்கக் கூடாது, ஏற்றம் ஏறக் கூடாது என்று ஆனபிறகு அவருக்கு மிஞ்சியது ஆடுகள்தான். லயத்துக்குப் பின்னால் பலகை அடித்துப் பட்டி கட்டினார். நான் கொழுந்து பறிக்கப் போய்த் திரும்பும்வரை அவருக்குப் பேச்சுத்துணை அவைதான். போன வருடம் பட்டிப் பலகையைப் பெயர்த்துக்கொண்டு ஒரு ஆட்டுக்குட்டியைச் சிறுத்தை தூக்கிவிட்டது. நாய் ஒன்று வையுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். "இனி நம்ம வாசல்ல நாய் வேணாம்" என்றார் அவர். ஆடுகளும் போய்விட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் அப்படி உட்கார்ந்திருந்ததை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. பிடிவாதம் பிடித்து நான்தான் அவரைக் கிளப்பினேன்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். பனிக்கு நடுவில் செம்மறி மந்தை, அதற்குள் கன்றுக்குட்டி உயரத்தில் வெள்ளை நாய்கள். ஓநாயையே விரட்டுமாம். அந்த நாய்க்குச் சோறு போடுவதென்றால் நாங்கள் இரண்டு பேரும் பட்டினி கிடக்க வேண்டியதுதான் என்றேன்.

"அது இல்லம்மா. எந்த நாயா இருந்தாலும் குட்டியைப் பாத்து எடுக்கணும். மனுசங்ககிட்ட ஒட்டுற குட்டி காவலுக்கு ஆகாதாம். ஆடு மாடுகிட்ட ஒட்டுறதப் பாருங்க" என்றாள். எனக்கு ஒரு வழி காட்டிவிட்டோம் என்று அவளுக்குத் தெரியாது.

பட்டிப்பொல ஊரில் கோவாவும் கரட்டும் பயிர் போடும் ஒரு சிங்களப் பெண்ணின் மாட்டுக்கொட்டிலில் நாய் குட்டி போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, நானுஓயாவில் ரயில் ஏறிப் போனோம். குளிரில் அவருக்கு மூச்சு வாங்கியது. குட்டிகளைக் கண்டதும் அதையெல்லாம் மறந்துவிட்டார். தவிட்டு நிறத்தில் கொழுகொழுவென்று ஒன்று ஓடிவந்து அவர் செருப்பைக் கடித்து இழுத்தது. மனிதர் அப்படியே குந்திவிட்டார். "ஏய், ஏய், விடுறா" என்று கொஞ்சினார். செவலையிடம் பேசிய அதே குரல்.

ஒரு குட்டி மட்டும் வரவில்லை. சாம்பல் நிறம், ஒரு காது மடங்கியிருந்தது. கட்டியிருந்த கன்றின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, எங்களை விட்டுவிட்டு எங்களுக்குப் பின்னால் இருந்த வேலியைப் பார்த்தது. வாலை ஆட்டவில்லை. கை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இதை எடுப்போங்க" என்றேன்.

"அது மனுசன் மொகத்தையே பாக்க மாட்டேங்குதே, புள்ள."

"அதாங்க வேணும். ஒட்டாத குட்டிதான் காவலுக்கு நல்லதுன்னு மக சொன்னாள்ல?"

அது பொய்யில்லை. ஆனால் நான் காவலுக்காக அதை எடுக்கவில்லை. யாருக்கும் ஆசை வராத ஒரு நாய் எனக்கு வேண்டியிருந்தது. நாளைக்குச் சிறுத்தை அதைக் கொண்டுபோனால், சரி, போச்சு என்று சொல்லிவிட்டு இவர் ஒரு வாய் சோறு சாப்பிட வேண்டும். இதை ஏன் எடுக்கிறீர்கள், பால் குடிக்கக்கூட முந்தாத குட்டி என்று அந்தப் பெண் சிங்களத்தில் சொன்னாள். பரவாயில்லை என்றேன். தவிட்டுக் குட்டி ரோடு வரை எங்கள் பின்னால் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும்.

திரும்பும்போது ஒரு பழைய உரப் பைக்குள் போட்டுக் குட்டியை என் மடியில் வைத்திருந்தேன். அம்பேவெல ஸ்டேஷன் தாண்டியதும் பை அசைந்தது. அவர் கை தானாக நீண்டு, பாதியில் திரும்பிப் போய்விட்டது.

வீட்டில் நான் கறாராக இருந்தேன். குட்டி பட்டியில்தான் கிடக்க வேண்டும், சோறு நான்தான் வைப்பேன், தடவக் கூடாது. "கை பழக்கினா கெட்டுப்போயிரும்ங்க" என்றேன். அவர் தலையாட்டினார். அது வளர்ந்தும் அப்படியேதான் இருந்தது. எந்த மழையிலும் இஸ்தோப்புக்கு வராது. ஆடுகளுக்கு நடுவில் சுருண்டு கிடக்கும். தட்டை வைத்துவிட்டு நான் விலகும்வரை காத்திருந்துதான் தின்னும். "நாய் எடுத்தீங்களா, சாமியார எடுத்தீங்களா அக்கா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். ஆனால் தேயிலைக்குள் எது அசைந்தாலும் குரைத்து லயத்தையே எழுப்பிவிடும். அதன்பிறகு ஓர் ஆடுகூடப் போகவில்லை. அவரும் நாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். நான் பெரிய கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு இருந்தது.

இந்த ஐப்பசியில், மழை விட்டு மூட்டம் இறங்கிய ஒரு சாயங்காலம், கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். லயத்துக்கு மேலே ஆடுகள் மேயும் சரிவில் குரைப்புக் கேட்டது. விடாமல் குரைத்தது. பிறகு பாதியில் நின்றுபோனது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தாமாகவே பட்டிக்குள் வந்து சேர்ந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. லயத்து ஆண்கள் டோர்ச்சும் தகரமுமாக மேலே ஏறினார்கள். புல்லில் ரத்தம் இருக்கிறது, தேயிலைக்குள் இழுத்துப்போன தடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

நான் தேயிலை ஓரத்தில் நின்றேன். ஒருவேளை தப்பித்து எங்காவது கிடக்குமோ என்று கூப்பிட வாயைத் திறந்தேன். என்னவென்று கூப்பிடுவது? அதற்குப் பெயரே வைக்கவில்லை. வைக்க நான் விடவில்லை. "இந்தா, இந்தா" என்று கத்தினேன்.

அப்போது எனக்குப் பின்னால் அவர் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சின்னப் பெயர், பிள்ளைக்கு வீட்டில் வைப்பது போல. நான் அதுவரை கேட்டதே இல்லை. பட்டிக்குள் ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தன. அவற்றுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரிந்திருந்தது. நான் கொழுந்துக்குப் போன பகலெல்லாம் அவர் அந்தச் சரிவின் அடியில் உட்கார்ந்து அதைக் கூப்பிட்டிருக்கிறார்.

ஒரு கையால் பட்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டார். "நெஞ்சு வலிக்கப் போகுதுங்க, உள்ள வாங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. நானும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அவர் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"நீ கூப்பிட்டா வராது, புள்ள" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு மூட்டத்தைப் பார்த்து அவரே கூப்பிட்டார்.