உட்கார்ந்து பார்க்காத பேன்ட்

போன வாரம் ஏ.சி.யைப் பழுதுபார்க்க ஒருவர் வந்தார். சாமான்களைத் தரையில் பரப்பிவிட்டு, உடம்பைப் பிடிக்கிற ஜீன்ஸோடு சட்டென்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "ஐயோ!" என்று கத்திவிட்டேன். "என்னம்மா ஆச்சு?" என்று அவர் பதறினார். ஒன்றுமில்லை என்று சமாளித்தேன். பேன்ட் போட்டவர் யார் தரையில் உட்கார்ந்தாலும் என் காது ஒரு சத்தத்துக்குத் தயாராகிவிடும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அதைக் கேட்டேன். அது போதும்.

அறுபதுகளில் ஒரு ஐப்பசி மாதம். முசிறியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. என்னோடு சீராக வந்த தையல் மெஷின்தான் என் பெருமையெல்லாம். பஸ்ஸின் மேலே கட்டிக் கொண்டுவந்தோம். அது விழுந்துவிடுமோ என்று அப்பா வழிநெடுக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தார்.

என் கணவர் ஃபிட்டர் படிப்பு முடித்து இரண்டு வருஷமாக வேலைக்கு அலைந்துகொண்டிருந்தார். திருச்சிக்குக் கிழக்கே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. மெஷின் பக்கம் வேட்டி ஆகாது, பேன்ட் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று அதில் இருந்தது. அவரிடமோ நாலு வேட்டி. பெரிய கடைவீதியில் துணி எடுத்தோம். ஆனால் எந்தத் தையல்காரரும் கையில் வாங்கவில்லை. எல்லோரும் "தீபாவளி முடியட்டுங்க" என்றார்கள். தேர்வோ தீபாவளிக்கு முந்தின வாரம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நான் தைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் தைத்தது ரவிக்கையும் தம்பிகளின் அரை டவுசரும்தான். டவுசரை நீட்டினால் பேன்ட் என்பது என் கணக்கு.

அளவெடுக்கும்போதே கணக்கு உதைத்தது. மூன்று மாதக் கல்யாணம், கதவு திறந்திருக்கிறது, கூடத்தில் மாமியார். இடுப்பை வேட்டிக்கு மேலேயே சுற்றி அளந்தேன். வெளிப்பக்கம் கணுக்கால் வரை அளந்தேன். உள்கால் அளவென்று ஒன்று இருக்கிறதே, அதற்கு இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அதெல்லாம் நீயே குத்துமதிப்பா போட்டுக்க" என்றார், காது சிவக்க.

போட்டுக்கொண்டேன். தேர்வுக்கு முதல் நாள் மாலை உடுத்திக் காட்டினார். கூடத்தில் மூன்று நடை நடந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்காரச் சொல்ல மட்டும் தோன்றவேயில்லை.

மறுநாள் காலை ஏழு மணி பஸ். அவர் புறப்பட்டு நின்றார். "வெறும் வயித்தோட போகாதடா. ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போ" என்று மாமியார் இலையைப் போட்டார். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. அவர் வழக்கம்போல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

டர்ர்.

அவர் எழுந்திருக்கவும் முடியாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பயம்தான் இருந்தது.

அவர் வேட்டிக்கு மாற, நான் பேன்ட்டை வாங்கினேன். கால்கள் சேரும் இடத்தில் ஒரு சாண் கிழிசல். பிரிந்ததைச் சேர்த்துத் தைத்தால் அடுத்த தடவை உட்காரும்போது மறுபடி பிரியும். அங்கே துணி போதவில்லை. மிச்சத் துணியெல்லாம் ஏற்கெனவே பேன்ட்டின் பைகளாகிவிட்டன. ரவிக்கையில் கையைத் தூக்க வசதியாக அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைப்போம். அதே வேலைதான் இங்கேயும் என்று பட்டது. துண்டுக்கு எங்கே போவது? மெஷின் மேல் என் தலைதீபாவளி ரவிக்கைத் துணி கிடந்தது. நல்ல கிளிப்பச்சை. பேன்ட்டோ சாம்பல் நிறம். அதில் கத்தரியை வைத்துவிட்டேன்.

"பஸ்சு போயிடும்" என்று அவர் நாலு தடவை சொல்லியிருப்பார். இரண்டு தடவை நூல் அறுந்தது. மாமியார் என் பக்கத்தில் நின்று ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நின்னா தெரியாதுங்க. காலை அகட்டிடாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினேன். இட்லி இலையிலேயே இருந்தது.

அன்று பகல் எனக்கு ஓடவில்லை. சோறு குழைந்தது. வேலை கிடைக்காவிட்டால் இந்த வீட்டில் அந்த மெஷினை நான் எந்த முகத்தோடு தொடுவேன்?

சாயங்காலம் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "ஏணியில ஏறச் சொன்னாங்க" என்றார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

உயரத்தில் இருந்த ஒரு வால்வை ஏணியில் ஏறித் திறந்து மூடிக் காட்டவேண்டுமாம். இவர் கடைசியாக ஏறுகிறேன் என்று சொல்லி, வந்த அத்தனை பேருக்கும் ஏணியைப் பிடித்திருக்கிறார். முடித்தவர்கள் டீ குடிக்கப் போனதும் இவர் முறை வந்தது. பிடிக்க ஆளில்லை. "எல்லாருக்கும் நீ புடிச்ச. உனக்கு நான் புடிக்கிறேன், ஏறு" என்று அதிகாரியே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஏறினீங்களா?"

"ஏறாம?"

மேலே போய் வால்வைத் திறந்து மூடும்வரை கீழிருந்து சத்தமே இல்லையாம். பிறகு அதிகாரி சொன்னாராம்: "சிக்னல் பச்சை விழுந்துடுச்சு, எறங்கி வாப்பா."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மாமியாரும் சிரித்துவிட்டார். நான் மட்டும் அழுதேன். தீபாவளி கழிந்து வேலை உத்தரவு வந்தது. அதற்குள் அந்தக் கிளிப்பச்சை ரவிக்கையை நான் கை குட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டாயிற்று.

அந்தப் பேன்ட் ஆறேழு வருஷம் உழைத்தது. சாம்பல் நிறம் வெளுத்து நைந்தபோதும் பச்சை மட்டும் அப்படியே இருந்தது. ஒருநாள் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வந்தார். மற்ற துணிகளோடு அதையும் போட்டு, எவர்சில்வர் டவரா ஒன்று வாங்கினேன். சாயங்காலம் என் கணவர் கொடியில் தேடிவிட்டு, "அந்தப் பச்சைத் துண்டையாவது பிரிச்சு எடுத்து வச்சிருக்கலாமே" என்றார்.

"கிழிஞ்ச பேன்ட்டுல இருந்தா?" என்று நான் சிரித்தேன்.

போன வாரம் வந்தவர் ஏணியில் ஏறியபோது கீழே போய்ப் பிடித்துக்கொண்டேன். "விடுங்கம்மா, இது ஆடாது" என்றார். உண்மைதான், ஆடவில்லை. வேலை முடித்தவருக்கு அந்த டவராவில்தான் காபி கொடுத்தேன். அது இன்னும் இருக்கிறது. என் கணவர் போய்ப் பத்து வருஷமாகிறது. அன்றைக்கு நான் சிரித்திருக்க வேண்டாம்.