மாதையனின் மால்டா காசு

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மாதையனுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவர் அறையில் தங்கியிருக்கும் ரஃபீக். "மாதையன் பாய் கலாஸ், அம்மா" என்றான். கலாஸ் என்றால் முடிந்தது. கையிலிருந்த வேலை முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, "அப்ப மேல வரச் சொல்லு" என்றேன். அவன் அழுத பிறகுதான் புரிந்தது.

துபாய் அல் குசைஸில் எங்கள் கட்டடத்துக்கு அவர் நாத்தூர். நம் பேச்சில் வாட்ச்மேன். கிருஷ்ணகிரிப் பக்கம். நான் மகள் வீட்டுக்கு வந்திறங்கிய அன்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டே "அக்கா எந்த ஊரு?" என்று கேட்டார். இந்த நாட்டில் என்னை முதலில் அக்கா என்று கூப்பிட்டவர் அவர்தான். மற்றவர்களுக்கு நான் இன்னாருடைய அம்மா.

அவரிடம் இருந்த அந்தக் காசை, இதைப் படிக்கும் நம் தமிழ்ச் சங்கத்தார் பலர் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் மாடி வெள்ளைக்கார டீச்சர் வீட்டைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போனது. பெரிய பெரிய கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்த வாசல் அதில் இருக்கும். அந்த அம்மா சொன்னதில் மாதையனுக்குப் புரிந்தவை 'மந்திர்', 'மால்டா' என்ற இரண்டே வார்த்தைகள். நமக்குத் தெரிந்த மால்டா எது? ரஃபீக்கின் ஊர், வங்காளத்து மால்டாதான். இங்கே கட்டட வேலைக்கு வருகிற எத்தனையோ பேருக்கு அதுதானே ஊர்.

எங்கள் ஊரில் மாந்தோப்புதான் உண்டு, இந்தக் கோயில் இல்லை என்று ரஃபீக் தலையில் அடித்துக்கொண்டான். மாதையன் கேட்கவில்லை. அடுத்த லீவில் அவனோடு கல்கத்தாவுக்குப் போய், ரயிலேறி, மால்டாவில் இறங்கி, காசை நீட்டி நீட்டி வழி கேட்டிருக்கிறார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெட்டி மாம்பழம்.

நம் சங்கச் செயலாளரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. படிக்கும்போது அவருக்கே தெரியும். அது வேறு மால்டா, ஐரோப்பாவில் கடலுக்கு நடுவே ஒரு தீவு, கோயிலின் ஞாபகமாக அந்த நாடு அடித்த காசு இது என்று பொங்கல் விழா மைக்கில் விளக்கினார். விளக்கியதில் குற்றமில்லை. அதோடு 'மால்டா மாதையன்' என்று பட்டமும் கொடுத்தார். சபையே சிரித்தது. யார் யார் சிரித்தீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாதையனும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஊரு தப்பா இருக்கலாம் சார். கும்பிடு தப்பில்ல."

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, சங்கத்துப் பூஜைத் தட்டில் மாதையன் அந்தக் காசை வைத்தார். செயலாளர் அதை டிஷ்யூ காகிதத்தால் பிடித்து எடுத்து அவர் கையில் போட்டார். மாதையன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உடலை ஊருக்கு அனுப்பும் நாளில், பெட்டியை மூடுமுன் நெற்றிக்காசு வைக்க வேண்டும். செயலாளர் ஒரு ரூபாய்க் காசோடு வந்திருந்தார். மாதையனின் சாமான்களெல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன; அந்தக் காசும்தான். அதை வையுங்கள் என்றேன்.

"அம்மா, உங்களுக்குத் தெரியாது. இது வெளிநாட்டுக் காசு. அதுல இருக்கறது வெறும் கல்லு."

"எங்க மலையில, இதே மாதிரி கல்ல நிறுத்தி மேல கல்லு மூடுன பாண்டவர் வீடும் வெறும் கல்லுதான். அதுக்குப் பொங்கல் வெச்சுத்தான் நாங்க பொழச்சிருக்கோம். குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. மாதையனின் மனைவி சின்னத்தாய்க்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"அவரு கும்பிட்டது எதுவோ அதையே வைங்கக்கா. வேற எது வெச்சாலும் இங்க வந்ததும் நான் பிச்சு எறிஞ்சிருவேன்."

செயலாளர் பையைத் திறந்தார். ரஃபீக் தலையைப் பிடித்துக்கொள்ள, சந்தனம் குழைத்து நானே வைத்தேன். அந்தக் காசோடுதான் ஊரில் புதைத்தார்களாம்.

அதற்கப்புறம் சங்கத்தில் இரங்கல் கூட்டம். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'எளிய பக்தர்' என்று பேசினார். மாதையன் இருந்திருந்தால் கை கூப்பியிருப்பார். கோபத்தை வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன். இத்தனை வருஷம் அவர் படாமல் விட்ட கோபமெல்லாம் அனாதையாகக் கிடக்கக் கூடாதென்று நான் எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான். இந்த டூட்டிக்கு லீவு கிடையாது.