செம்பருத்திச் சட்டை போட்ட துப்பாக்கி

எங்கள் வீட்டுத் துப்பாக்கிக்கு ஒரு சட்டை உண்டு. மஞ்சள் துணியில் பெரிய பெரிய செம்பருத்திப் பூக்கள் போட்ட நீண்ட உறை. ஒரு தீபாவளிக்கு வரவேற்பறையில் திரைச்சீலையாகத் தொங்கிய துணிதான், அடுத்த தீபாவளிக்குப் புதுத் திரை வந்ததும் இப்படி உருமாறியது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, ஓரமெல்லாம் பச்சை நாடா பிடித்து, வாய்ப்பக்கம் இரண்டு பித்தான்கள் வைத்திருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் உள்ளே ஏதோ வாத்தியம் இருக்கிறது என்று நினைப்பார்கள். உள்ளே இருப்பது என் மாமியாரின் துப்பாக்கி. மாமியார் துப்பாக்கி தூக்காத குறைதான் என்று மருமகள்கள் புலம்பும் உலகத்தில், நிஜமாகவே தூக்கியவரின் வீட்டுக்கு வாழப் போனவள் நான்.

மலேசியாவில் சிலிம் ரிவர் ஊரிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது அந்த வீடு. சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. மாமியார் அங்கே பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறி ரப்பர் மரங்கள் சாய்ந்த பிறகு, ஊரோரம் ஒரு துண்டு நிலம் வாங்கி வாழையும் மரவள்ளியும் போட்டார். கூடவே சில டுரியான் பழமரங்களும். முதல் விளைச்சலைக் காட்டுப்பன்றிகள் வேரோடு தோண்டித் தின்றுவிட்டுப் போயின. மறுநாளே போலீஸ் நிலையத்துக்குப் போய்த் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த அதிகாரி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "புருஷன் வரலையா?" என்றாராம். "அவருக்கு வேலை இருக்கு. உங்க காற்சட்டையைத்தான் தச்சிக்கிட்டு இருக்காரு" என்று இவர் சொல்லியிருக்கிறார். உண்மைதான். என் மாமனார் பட்டணத்தில் தையல்கடை வைத்திருந்தார். பாதி நிலையத்தின் சீருடை அவர் கையில்தான் இருந்தது. அதிகாரி சிரித்துவிட்டார் என்றும், உரிமம் கைக்கு வரும்வரை அலைச்சல் மட்டும் ஒன்றும் குறையவில்லை என்றும் மாமியார் சொல்வார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதைகள். நான் அந்தத் துப்பாக்கியை முதலில் பார்த்தது ஓர் ஆயுத பூசை நாளில், மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில்தான் அவர்கள் மகனும் வேலை பார்த்தார். எங்களுக்குள் முடிவாகிவிட்டது. ஆனால் அப்பா இல்லாத எங்கள் வீட்டில் தாய்மாமா தலையாட்டாமல் எதுவும் நடக்காது. அவர் வாயைத் திறந்து "சரி" சொல்ல வேண்டும் என்று ஈப்போவிலிருந்து சிலிம் ரிவர் வரை காரில் சாமிகளைக் கூப்பிட்டபடியே போனேன்.

சாமி மேடைக்கு முன்னால் வாழையிலை விரித்து வீட்டுக் கருவிகளை எல்லாம் வைத்திருந்தார்கள். பாராங் கத்தி, மண்வெட்டி, கத்தரிக்கோல், தையல் மிஷின். நடுவில், சட்டை கழற்றி, சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, சாமந்திச் சரம் சுற்றிய துப்பாக்கி. தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருந்தன. தாய்மாமா மெய்மறந்து நின்றுவிட்டார். "பாத்தியா, வீடுன்னா இப்படி இருக்கணும். ஆம்பளைக்குத் துப்பாக்கி, பொம்பளைக்குத் தையல் மிஷின்" என்று என் அம்மாவிடம் சொன்னார். பிறகு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து காட்டைப் பற்றியும் வேட்டையைப் பற்றியும் ஆண்பிள்ளையின் தைரியத்தைப் பற்றியும் தேநீர் ஆறிப்போகும் வரை பேசினார். மாமனார் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் மாமா, "இதுவரைக்கும் எத்தனை பன்னி விழுந்திருக்கும்?" என்று கேட்டதும் மனிதர் நெளிந்தார்.

"அய்யோ, அது வீட்டுக்காரம்மாவோடதுங்க. எனக்குப் பட்டாசு வெடிச்சாலே காதைப் பொத்திக்கணும். மிஷின்தான் என்னோடது."

மாமாவின் முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது. அந்த நேரம் பார்த்து, கொல்லையில் குலை தள்ளிய வாழைகளுக்குள் குரங்குக் கூட்டம் இறங்கியது. எல்லாரும் எழுந்து ஓடினோம். மாமா பதற்றத்தில், "துப்பாக்கிதான் இருக்குல்ல, எடுத்துட்டு வாங்கம்மா!" என்று கத்தினார். மாமியார் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு காலி பிஸ்கட் டின்னையும் அகப்பையையும் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தார். "இன்னைக்கு அதுக்கு லீவுலா, அண்ணே! பூசையில இருக்கு!" என்று ஓடிக்கொண்டே சொன்னார். பூசையில் வைத்த கருவியை அன்று தொடக் கூடாது அல்லவா? டின்னைத் தட்டி, வாயாலும் வைது, ஒரு குலையைத் தவிர மற்றதையெல்லாம் காப்பாற்றிவிட்டார். திரும்பி வந்து மூச்சு வாங்க, "தேத்தண்ணி ஆறிப்போச்சா? வேற போடறேன்" என்றார். மாப்பிள்ளையைவிட மாமியாரை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான்.

மாமாவுக்குப் பிடிக்கவில்லை. திரும்பும் வழியில் தாப்பா தாண்டியதும் ஆரம்பித்தார். ஆம்பளை தைக்கிறான், பொம்பளை சுடுகிறாள், இந்தத் தலைகீழ் வீட்டில் எப்படிப் பெண் கொடுப்பது என்றார். இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் நிபந்தனையும் போட்டுவிட்டார். துப்பாக்கியைப் போலீஸில் ஒப்படைத்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. மாமியார் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். "சரிண்ணே, கொடுத்துடறேன். பன்னிக்கு வேலி போட்டுக்கலாம். புள்ளைங்க நல்லா இருந்தா போதும்" என்றாராம். அவர் மகன் வந்து இதைச் சொன்னபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வேலி எந்தப் பன்றியை நிறுத்தியிருக்கிறது? அந்த நிலம் அவர் ஒற்றை ஆளாக நின்று காத்தது. என் கழுத்தில் தாலி ஏறுவதற்காக அவர் எதற்கு வெறுங்கையோடு நிற்க வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு நானே போனேன். அதற்குமுன் அவரை எதிர்த்து ஒரு பேச்சுப் பேசியதில்லை. "மாமா, துப்பாக்கி மாப்பிள்ளையோட அப்பாவுதுன்னு நெனச்சப்போ எப்படிப் பாராட்டுனீங்க! துப்பாக்கி அதேதானே மாமா? ஆளு பொம்பளைன்னு தெரிஞ்சதும் கெட்டதாயிடுச்சா? அவங்க அதை ஒப்படைச்சா நான் இந்தக் கல்யாணமே பண்ணிக்க மாட்டேன்" என்றேன். மாமா என்னை முறைத்தார். சமையலறையிலிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. "நல்லாத்தானே கேக்குறா? பதில் சொல்லுங்க!" என்றார் அங்கிருந்தபடியே. மாமா எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தார். பிறகு, "துப்பாக்கிக்கே பொட்டு வச்சுக் கும்புடுற வீடு. என் பொண்ணைச் சுட்டுட மாட்டாங்க" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். எங்கள் கல்யாணத்துக்குக் கிடைத்த சம்மதம் அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன் நான் சண்டை போட்ட கதை மாமியாருக்கு எப்படியோ எட்டிவிட்டது. நான் வீட்டுக்குள் வந்த முதல் நாள், இடுப்பில் செருகியிருந்த, துப்பாக்கி வைக்கும் இரும்பலமாரியின் சாவியை எடுத்துக் காட்டி, "இது எங்க இருக்குன்னு உனக்கும் தெரியணும்" என்றார்.

இப்போது அவருக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை, ஒரு கண்ணில் புரையும் விழுந்துவிட்டது. நிலத்தை நான் பார்க்கிறேன். சுடுவதற்கு அவர் கற்றுத்தரவில்லை, அவருக்குப் பொறுமை கிடையாது. ஈப்போவில் முறையாகப் பயிற்சி எடுத்து, உரிமமும் என் பெயரில் வாங்கினேன். நிலையத்தில் துப்பாக்கியைச் சோதித்துத் திருப்பிக் கொடுக்கும்போது இளம் பெண் போலீஸ் ஒருவர் வெகு மரியாதையாக அதை என் கணவரிடம் நீட்டினார். அவர் அப்பாவைப் போலவே இரண்டடி பின்னால் போய், என்னைக் கை காட்டினார். அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இந்த வருட ஆயுத பூசைக்குத் தாய்மாமாவும் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, சுண்டலை மட்டும் இன்னும் இரண்டு முறை கேட்டு வாங்குகிறார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகன் சாமி கும்பிட வந்தார். சந்தனமும் குங்குமமுமாக இருந்த துப்பாக்கியைப் பார்த்ததும் கண் விரிய, என் கணவரிடம், "அண்ணே, உங்களுதா? வேட்டைக்கெல்லாம் போவீங்களா?" என்றார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"தம்பி, துப்பாக்கி என் மருமகளோடது. அதுக்கு முந்தி அவ மாமியாரோடது. மிஷினு சம்பந்தியோடது. மாத்திச் சொல்லிடாதே, இந்த வீட்டுக்குப் பொண்ணு கெடைக்காது!"

வீடே சிரித்தது. மாமியார் சிரித்ததில் அவர் மடியிலிருந்த சுண்டல் கொட்டிப்போனது. மறுநாள் பூசை கலைத்ததும் பொட்டைத் துடைத்துவிட்டு, துப்பாக்கியைச் செம்பருத்திச் சட்டைக்குள் நுழைத்தேன். ஒரு பித்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கொண்டாம்மா, தச்சித் தாரேன்" என்று கையை நீட்டினார். உறையை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். துப்பாக்கியைத்தான் அவர் தொட மாட்டாரே.