உறைக்குள் இருந்த கம்ப்யூட்டர்

எங்கள் பயிற்சி நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது என்று சொன்னால் அது பாதிப் பொய். ஸ்கேன் எடுக்கும் வேலைக்கு ஆட்களைத் தயார் செய்வதாக அம்பத்தூரில் ஒரு மாடியில் பலகை மாட்டியிருந்த இடம் அது. கம்ப்யூட்டருக்குத் தனியாக ஏசி அறை, பூப்போட்ட உறை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தார்கள். எங்களை மட்டும் தொட விடவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. உடற்கூறியல் தேர்வு இனிமேல் கம்ப்யூட்டரில்தான் என்று அறிவித்தார்கள். உடம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரியான ஸ்கேன் படங்கள் திரையில் வரும். கேட்கிற உறுப்பின் மேல் மவுஸால் அம்புக்குறியைக் கொண்டுபோய் அழுத்த வேண்டும். நேரம் தீர்ந்தால் படம் தானாக மாறிவிடும். நான் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த ஸ்கேன் சென்டரில், தேறினால் இயந்திரத்தில் உட்கார வைக்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது.

சென்டரில் வீணான ஸ்கேன் ஃபிலிம்களைக் கேட்டு வாங்கிவந்து, கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஜன்னலில் ஒட்டினேன். காலை வெயிலில் எல்லாம் துல்லியமாகத் தெரியும்.

"இன்னாடி இது, ஜன்னல் பூரா எலும்பா கீது? ஊட்டுக்கு வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?" என்றாள் அம்மா.

"எலும்பு இல்லம்மா. ஈரல், குடல்."

"அது இன்னும் அசிங்கம்."

இரண்டு மாதத்தில் அத்தனையையும் கரைத்துக் குடித்தேன். மவுஸைத்தான் தொட்டதில்லை. கம்ப்யூட்டரைத் தொட விடுங்கள் என்று வாராவாரம் போய் நிலைய முதல்வரிடம் கேட்டேன். "பாடம் தெரிஞ்சா போதும்மா, கம்ப்யூட்டர் ரெண்டு நாள் விஷயம்" என்பார். அந்த இரண்டு நாள் வரவே இல்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அட்டெண்டர் அந்த அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் செருப்போடு உள்ளே நுழைந்து உறையைத் தூக்கினேன். திரையும் கீபோர்டும் இருந்தன. கம்ப்யூட்டரை ஓட்டுகிற பெட்டியும் இல்லை, மவுஸும் இல்லை.

"கத்தாதம்மா" என்றார் அட்டெண்டர். "சார் அத்த ஊட்டுக்கு எட்துகினு போய் ஆறு மாசம் ஆவுது. அவரு புள்ள கேம் ஆடுது."

முதல்வர் அறைக்குப் போய்க் கத்தினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இப்படிச் சத்தம் போட்டா ஹால் டிக்கெட் கைக்கு வராதும்மா" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைவிட, அன்றைக்கு நான் வாயை மூடியதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

தேர்வு வேறொரு மையத்தில் நடந்தது; மூன்றாவது படம் வயிற்றுப் பகுதி. கணையத்தின் வால் எங்கே என்று கேட்டிருந்தார்கள். படம் வந்ததுமே தெரிந்துவிட்டது, திரையின் வலது ஓரத்தில், மண்ணீரலை ஒட்டி. மவுஸை வலப்பக்கம் இழுத்தேன். கை மேசை விளிம்புக்கே போய்விட்டது. அம்போ நடுத்திரையில் நின்றது. பின்னால் இழுத்தால் அதுவும் பின்னால் வந்தது. மறுபடி தள்ளினேன், மறுபடி விளிம்பு. மவுஸைத் தூக்கி நடுவில் வைத்து மீண்டும் நகர்த்தலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கண்காணிப்பாளரைக் கூப்பிட்டேன். "பேசக் கூடாது" என்றார். படம் மாறிவிட்டது. பக்கத்து சீட் பையன் மவுஸைத் தூக்கித் தூக்கி வைப்பதை நான் கவனித்தபோது பாதித் தேர்வு போயிருந்தது.

முடிவுத் தாளில் 'உடற்கூறியலில் போதிய அறிவு இல்லை' என்று அச்சடித்திருந்தார்கள். முதல்வர் அதை வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசித்தார். "இன்னும் நல்லா படிச்சிருக்கணும்மா" என்று அறிவுரை வேறு. ஸ்கேன் சென்டரில் அந்த நாற்காலி இன்னொருவருக்குப் போனது. அவருக்கும் நான்தான் டோக்கன் கிழித்து ஆள் அனுப்பினேன்.

ஆவடியில் ஒரு டைப்பிங் நிலையத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். பத்து நாள் போய் மவுஸ் பழகினேன். அடுத்த முறை எழுதி, எங்கள் நிலையத்திலேயே முதலாவதாகத் தேறினேன். நடுவில் ஒரு ரத்தக் குழாயைக்கூட நான் புதிதாகப் படிக்கவில்லை.